சண்டைக்கு முந்தின ராத்திரி போய் என்ன பண்ண முடியும்?

1. அவுட்லேண்டர் சீரியல் பார்த்திருக்கீங்களா? இரண்டாம் உலகப்போரில் வேலை பார்த்த கிளேர்னு ஒரு நர்ஸ். ஸ்காட்லாந்தில் ஒரு கல்லைத் தொட்டதும் இருநூறு வருஷம் பின்னாடி போயிடுவாங்க. அங்கே ஜேமி மேல காதல். ஆனா 1746 ஏப்ரல் 16-ல் கல்லோடன் போரில் ஜேமியோட ஆட்கள் அழியப்போறாங்கன்னு கிளேருக்கு முன்னாடியே தெரியும். தடுக்கப் படாத பாடு படுவாங்க. முடியாது.

2. நைட் டியூட்டி பார்க்கிற எனக்கு அந்தக் கதையில் ஒரே கேள்விதான். கடைசி ராத்திரி வந்து நிக்கிற ஒருத்தரால எதை மாத்த முடியும்? இதுக்குப் பதில் தேட ஸ்காட்லாந்து போகவேண்டாம். எங்க கீழ்பென்னாத்தூர் இருக்கிற இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கு வந்தவாசி.

3. முதலில் கல்லோடன். ஏப்ரல் 15, எதிரித் தளபதி கம்பர்லேண்ட் பிரபுவுக்கு 25-வது பிறந்தநாள். கொண்டாட்டத்தில் அசந்திருப்பார்கள் என்று இளவரசர் சார்லஸின் படை ராவோடு ராவாக நடந்தது. அன்றைக்கு ஆளுக்கு ஒரு பிஸ்கட்தான் சாப்பாடு. போய்ச் சேர்வதற்குள் விடிந்துவிடும் என்று பாதி வழியில் திரும்பினார்கள். காலையில் பட்டினி, தூக்கமும் இல்லை. சண்டை ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை.

4. இதுக்கும் வந்தவாசிக்கும் என்ன சம்பந்தம்? ஒரு ஆள்தான் சம்பந்தம். பள்ளிப் பாடத்தில் வருவாரே, கவுண்ட் டி லாலி. பிரெஞ்சுத் தளபதி. ஆனா அவங்க அப்பா அயர்லாந்துக்காரர், சார்லஸின் ஸ்டூவர்ட் வம்சத்துக்காக நாட்டை விட்டுப் பிரான்சில் குடியேறியவர். லாலியும் கல்லோடனுக்கு மூன்று மாதம் முன்பு ஃபால்கிர்க் சண்டையில் சார்லஸ் பக்கம் இருந்ததாக எழுதியிருக்கிறார்கள். அதாவது ஜேமியோட கட்சி! அதே ஆள் 14 வருஷம் கழித்து அதே ஆங்கிலேயரோடு மோத நம்ம மண்ணில் வந்து நின்றார்.

5. 1760 ஜனவரி 21, ராத்திரி. லாலி வந்தவாசிக் கோட்டையை முற்றுகை போட்டிருக்கிறார். உள்ளே ஆங்கிலேயக் காவல்படை. அதைக் காப்பாற்ற அயர் கூட் வந்துகொண்டிருக்கிறார். இரண்டு பக்கமும் ஐரோப்பியச் சிப்பாய்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். கூடவே நம்ம நாட்டுச் சிப்பாய்களும் குதிரை வீரர்களும் ஆயிரக்கணக்கில்.

6. மறுநாள் சண்டையில் பிரெஞ்சு வெடிமருந்து வண்டி ஒன்று குண்டு பட்டு வெடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் செத்தார்கள், மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். பிரெஞ்சுக்காரருக்குத் துணையாக வந்த மராத்தியக் குதிரைப்படை ஒதுங்கி நின்றது. புஸ்ஸி பிடிபட்டார். லாலி பின்வாங்கினார். நமக்கு இது ஒரு மார்க் கேள்வி.

7. இதைச் சீரியலா எடுத்தா, ஹீரோயின் முந்தின ராத்திரி ஓடிப்போய் அந்த வண்டியைத் தள்ளி நிறுத்திடுவாங்க. வரலாறு மாறிடும். ஆனா கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பாருங்க. 1759 பிப்ரவரியில் சென்னை முற்றுகை தோல்வி. செப்டம்பர் கடற்சண்டைக்கு அப்புறம் பிரெஞ்சுக் கப்பற்படை இந்தக் கரையை விட்டே போய்விட்டது. அக்டோபரில் சம்பளப் பாக்கிக்காக லாலியின் சொந்தச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள்.

8. ஆக, வண்டி வெடிச்சது கடைசி நாள் அறிகுறி. நோய் முத்தி நாலு மாசம் ஆச்சு.

9. பட்டினிப் படை எப்பவும் தோற்குமான்னு கேட்டா, அப்படியும் இல்லை. 1767 செப்டம்பர் 3, இதே மாவட்டத்துச் செங்கம். ஒரு பக்கம் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும், மறுபக்கம் கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை. ஸ்மித் ஜெயித்தார். ஆனா அவருடைய அரிசி மூட்டைகள் கொள்ளை போயின. துரத்திப் போக முடியாமல் அரிசி தேடித் திருவண்ணாமலைக்கு வந்தார். அங்கேயும் போதவில்லை. அதே மாதம் 26-ம் தேதி திருவண்ணாமலையிலும் அவர்தான் ஜெயித்தார். ஆனா 1769-ல் சென்னை வாசலில் வந்து நின்று சமாதானம் பேச வைத்தது ஹைதர்!

10. இந்தப் படைகள் தேடி அலைந்த அரிசி யார் வீட்டுக் குதிரில் இருந்திருக்கும்? நம்ம சனங்க வீட்டுக் குதிரில்தானே? அவங்க கதை எந்தச் சீரியலிலும் வராது. வந்தவாசியின் மிச்சக் கதையையும் அதனாலதான் சொல்றேன்.

11. தோற்ற லாலி புதுச்சேரிக்குள் முடங்கினார். ஆங்கிலேயர் நகரைச் சுற்றி வளைத்தார்கள். தானியம் குறைந்தது. 1760 நவம்பர் கடைசியில், நகரில் இருந்த நம்ம மக்கள் சுமார் 1,400 பேரைச் சாப்பாட்டுக்குப் பாரம் என்று வெளியே துரத்தினார் லாலி. ஆங்கிலேயர் தாண்டிப் போக விடவில்லை. திரும்பினால் பிரெஞ்சுத் துப்பாக்கி. இரண்டு படைக்கும் நடுவில் எட்டு நாள் புல் வேரைத் தின்று கிடந்தார்கள் என்று ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். அதுக்கப்புறம்தான் வழி விட்டார்கள்.

12. 1761 ஜனவரி 16-ல் புதுச்சேரி சரணடைந்தது. கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இறந்ததும் அந்த ஜனவரியில்தான். லாலிக்கு 1766 மே 9-ல் பாரிசில் தலை போனது. வால்டேர் அவருக்காக எழுதினார், 1778-ல் தீர்ப்பு ரத்தானது. அந்த 1,400 பேரில் ஒருத்தர் பெயரும் நமக்குத் தெரியாது.

13. இப்போ கிளேர் மாதிரி நான் போறேன்னு வெச்சுக்குவோம். ஜனவரி 21 ராத்திரி போய் இறங்கினா, ஒரு டாக்டரா நான் பண்ணக்கூடியது ரொம்பக் கொஞ்சம். ஈதர் மயக்க மருந்து வரவே 1846 ஆகணும். லிஸ்டர் கிருமிநாசினி அறுவை சிகிச்சை பற்றி எழுதியது 1867-ல். நசுங்கின காலை, ஆள் அலற அலறத்தான் வெட்டணும்.

14. நாலு மாசம் முன்னாடி போனா? தண்ணியைக் கொதிக்க வைங்க, குளத்துப் பக்கம் மலம் கழிக்காதீங்க, வயிற்றுப்போக்கு வந்தா ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொடுங்க. இவ்வளவுதான் சொல்வேன். அந்தக் காலத்துப் படைகளில் சண்டையில் செத்ததைவிட நோயில் செத்தவங்கதான் அதிகம். இந்த ஒரு லிட்டர் தண்ணி எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கும்.

15. சரி, யார் ஜெயிக்க உதவி பண்றது? ரெண்டு பேருமே நம்ம ஆள் இல்லையே! நான் 1760 கோடையில் புதுச்சேரிக்குத்தான் போவேன். தெருத்தெருவா சொல்லுவேன்: "வழி அடைக்கிறதுக்குள்ள பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க!"

16. நம்புவாங்களா? சிரமம்தான். வீடு இருக்கு, வேலை இருக்கு, அடுப்பு எரியுது. எவனோ வந்து நவம்பரில் சோறு இருக்காதுன்னா யார் கிளம்புவாங்க? இதே பதிலை நான் ஓபி-யில் தினமும் கேட்கிறேன். "நான் நல்லாத்தானே இருக்கேன் டாக்டர்?"

17. பிரஷர் 180/110 காட்டுது, ஆனா தலைவலிகூட இல்லை. மாத்திரையை நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு. அப்புறம் ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கை, ஒரு கால் வராமல் கொண்டுவருவாங்க. குடும்பமே என் முகத்தைப் பார்க்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்வோம், எத்தனையோ பேர் பிழைச்சுப் போறாங்க. ஆனா அந்த ராத்திரியோட கதை ஆறு மாசம் முன்னாடியே எழுத ஆரம்பிச்சாச்சு.

18. வரப்போறதை முன்னாடியே காட்ட மந்திரக்கல் தேவையில்லை, பிபி மெஷினே காட்டும். முப்பது வயசு தாண்டிட்டீங்கன்னா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் பார்த்துக்கோங்க. இலவசம்தான். வீட்டுப் பெரியவங்க மாத்திரை டப்பாவையும் இன்னைக்கு ஒரு தடவை திறந்து பாருங்க. பாதியில் நிறுத்தியிருந்தா திட்டாம கூட்டிக்கிட்டு வாங்க, பகல் ஓபி-க்கே.