வீட்டு சாக்கெட்டில் மின்கார் சார்ஜிங்

இந்தியாவில் மின்காருடன் வரும் கையடக்க சார்ஜரைப் பெரும்பாலும் 230 வோல்ட், 16 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட்டில் செருகுகிறார்கள். அது சுமார் 3 கிலோவாட் இழுக்கும். இதே போன்ற சாக்கெட்டில் ஓடும் கீசர், தண்ணீர் சுட்டதும் அணைந்துவிடும். ஆனால் கார் விடிய விடிய இழுக்கும். ஆபத்து இந்த நீண்ட நேரத்தில்தான் இருக்கிறது. சாக்கெட்டின் பின்புறம் ஒரு திருகு தளர்ந்திருந்தாலே அங்கு மின்தடை கூடி, சூடேறி, பிளாஸ்டிக் பழுத்துக் கருகும், தீயும் பிடிக்கலாம். மின்னோட்டம் அளவுக்குள்ளேயே இருப்பதால், அளவு மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி. விழாது. ஆகவே பிளக் கையைச் சுட்டால் உடனே சார்ஜை நிறுத்தி, எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி வயரிங், சரியான எர்த், கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் கட்டாயம் தேவை. பழைய வீடுகளில் பெரும்பாலும் எர்த்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டியிருக்கும்.