ஆணியும் ஊக்கும் கூறும் பேராக் வரலாறு

உருவத்தாற் சிறியதை இகழ்தலாகாது என்பதை விளக்க வந்த வள்ளுவப் பெருந்தகை, 667ஆம் குறளில் தேரின் அச்சாணியை உவமையாக எடுத்தாண்டார். அச்சாணியாவது, உருளை அச்சினின்று கழன்றோடாதபடி தடுக்கும் ஒரு முளை. தேரைக் காண்போர் அதனைக் காண்பதில்லை. அஃதின்றேல் தேர் ஓடுவதுமில்லை. பேராக் மாநிலத் தமிழர் வாழ்வைத் தோட்டங்களையும் தொழிற்சங்கங்களையும் கொண்டு ஆராய்ந்தோர் உளர். அவ்வாழ்வில் ஒன்றோடொன்றை இணைத்துப் பிடித்த சிறு பொருள்களைக் கொண்டு அதனை ஈண்டு நோக்குவோம்.

இணைக்கும் பொருள்கள் தம்முள் வேறுபட்டவை. ஆணி, ஒருமுறை அறைந்தால் நிலைத்து நிற்க வேண்டுவது. திருகாணி, வேண்டும்போது கழற்றி மீண்டும் பூட்டத்தக்கது; தோட்டின் திருகும் அதனை ஏற்கும் சுரையும் நம் பெண்டிர் நன்கறிந்தவை. குண்டூசி சிறிது காலம் பிடித்துப் பின் விடுவது. ஊக்கு தன் கூர்முனையைத் தானே மூடிக் காப்பது. இவற்றின் பெயர்களும் கருதத்தக்கன. ஆணியும் ஊசியும் பழந்தமிழ்ச் சொற்கள். பொத்தான் போர்த்துக்கீசிய மொழி தந்தது. மலாய் மொழியில் ஊக்கைக் குறிக்கும் 'பெனித்தி' என்ற சொல்லும் அம்மொழியினின்று வந்ததே. ஊக்கு என்பது ஆங்கில 'ஹூக்' என்பதன் திரிபு என்பர்.

பேராக்கில் தமிழர் கை அறைந்த ஆணிகளுள் முதற்கண் எண்ணத்தக்கது தண்டவாள ஆணி. 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கும் இடையே மலாயாவின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. நீளம் ஏறத்தாழ 8 கல். அதனை அமைக்க இலங்கையிலிருந்து 'பயோனியர்' தொழிற்படையினர் வந்தனர். பின்னர்ப் பாதை நீண்டபோது அதனைப் பேணிய கைகளுள் பெரும்பாலானவை தமிழர் கைகள். இவ்வாணியின் தலை ஒரு புறமாக நீண்டு தண்டவாளத்தின் அடியைக் கவ்வும். உடல் மரக்கட்டையினுள் இறங்கி நிற்கும். ஆணி தளர்ந்தால் தண்டவாளங்கள் விலகும். விலகினால் வண்டி கவிழும். ஆதலின் பாதையோரமாக நடந்து, தளர்ந்த ஆணியைத் தேடி அறைவது நாள்தோறும் செய்யவேண்டிய பணியாயிற்று.

இரப்பர்த் தோட்டத்திலோ ஆணியின் வன்மை உதவவில்லை. 1877இல் ஹியூ லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரி கோலாகங்சாரில் 9 இரப்பர்க் கன்றுகளை நட்டார். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலம் காயமுற்றால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளரும்; பின்னர் அவ்விடத்தில் வெட்ட இயலாது. எனவே பாலை ஏந்தும் மங்கினை மரத்தில் ஆணியடித்துத் தொங்கவிடுதல் தவறு. கம்பியை மரத்தைச் சுற்றி வளைத்து, அதில் மங்கினை நிறுத்தினர். மரம் பருக்கும்போது கம்பியும் விரிந்து கொடுக்க வேண்டும். இறுகினால் பட்டையில் பதிந்துவிடும். மங்கு என்ற தோட்டச் சொல்லும் மலாய் மொழியின் 'மங்கோக்' என்பதன் குறுக்கமே.

இவ்வாறு வளைந்து கொடுக்கும் கம்பியின் பண்பே ஊக்கிலும் அமைந்துள்ளது. பண்டைக் கிரேக்கரும் உரோமரும் மேலாடையைச் சேர்க்க வில்போன்ற ஊசியை அணிந்தனர். இன்றைய ஊக்கின் வடிவை நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் அமைத்து, 1849 ஏப்ரல் 10இல் காப்புரிமை பெற்றார். 15 டாலர் கடனை அடைக்க எண்ணி, அவ்வுரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்பது வரலாறு. அவர் கண்ட பொருள் தமிழ்ப் பெண்டிரின் தாலிக்கொடியில் இடம்பெற்றது. கிழிந்த துணியைச் சேர்க்க, நாடா கோக்க, காலில் தைத்த முள்ளை எடுக்க எனப் பல தொழிலுக்கும் உதவிற்று. விடியுமுன் பெரட்டுக்கு விரைந்த தோட்டப் பெண்ணுக்கு, எப்போதும் உடனிருந்த கருவி அதுவே.

இனிக் குண்டூசி. ஆடம் சுமித் 1776இல் வெளியிட்ட தம் பொருளியல் நூலில், 10 பேர் தொழிலைப் பகிர்ந்துகொண்டு நாளொன்றுக்கு 48,000 ஊசிகளுக்கு மேல் செய்ததை எடுத்துக்காட்டினார். ஊசியை வெண்மையாக்குதல் அங்கே ஒரு தனித்தொழில். பித்தளை ஊசிக்கு வெள்ளீயம் பூசுவதே அது. நம் இல்லங்களில் பித்தளைப் பாத்திரத்திற்கு ஈயம் பூசியதை ஒத்தது. அவ்வெள்ளீயத்தின் பெரும் விளைநிலமாகப் பின்னாளில் விளங்கியது ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக வெள்ளீயத்தில் ஏறத்தாழப் பாதி மலாயாவினின்று சென்றது.

பிற்காலக் குண்டூசியோ எஃகுக் கம்பியாலானது. நம் நாட்டின் ஈரக்காற்றில் அது துருவேறும். இங்கேதான் நாம் கவலைகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உளது. தோட்டத் தமிழர் பிறப்புச் சான்றையும் குடியேற்றச் சீட்டையும் குண்டூசியால் குத்தித் தகரப்பெட்டியில் வைத்துக் காத்தனர். 1957இல் நாடு விடுதலை பெற்றபின் குடியுரிமை நாடியோர்க்கு அத்தாள்களே துணை. 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதார் வேலை அனுமதி பெறவேண்டிய நிலை வந்தபோது, தாள் இல்லாமை துயராய் முடிந்தது. 1950களின் பிற்பகுதி முதல் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது அத்துயரைத் தடுக்கவே. ஆயினும் பல லயங்கள் மறைந்தன. இரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நிற்கிறது. எஞ்சியிருப்பவை அத்தாள்களே. அவற்றைப் பிடித்துக் காத்த ஊசியே இன்று அவற்றைத் துருவால் தின்றுகொண்டிருக்கிறது.

ஆதலின் தமிழாசிரியர்கள் ஒன்று செய்யலாம். மாணவர் இல்லங்களில் உள்ள பழந்தாள்களினின்று துருவேறிய ஊசியை நீக்கச் செய்க. இழுத்தெடுத்தால் தாள் கிழியும்; ஊசிக்கும் தாளுக்கும் இடையே மெல்லிய அட்டையைச் செருகி மெல்லத் தளர்த்துதல் வேண்டும். பின்னர்த் தாளைப் படியெடுத்து, உறையிலிட்டுக் காக்க. அதனோடு, மங்குக்கும் கம்பிக்கும் உளிக்கும் பாட்டிமார் வழங்கிய பெயர்களைக் கேட்டு எழுதுவித்தல் வேண்டும். அவருள் பலர் முதுமை எய்திவிட்டனர். இப்பணி தள்ளிப்போடத் தக்கதன்று.