தேயிலைப் பெட்டியும் தேயிலைச் சாயமும்

அட்டன், நுவரெலியாச் சரிவுகளிலே கொழுந்தெடுக்கும் பெண்ணின் உருவத்தைத் தேயிலைப் பெட்டிகளிற் காணாதார் இலர். முதுகிலே கூடை, முகத்திலே புன்னகை. அவள் பெயர் யாது, எந்த லயத்திலே குடியிருக்கிறாள் என்று பெட்டி கூறுவதில்லை. விற்பதுதானே அதன் தொழில்! அவ்விளம்பரச் சித்திரத்துக்கு இணங்காத கலைஞர் சிலரைப்பற்றி இன்று பேசுவோம், நேயர்களே.

1934ஆம் ஆண்டில், இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தைக்கொண்டு பசில் றைட் என்னும் ஆங்கிலேயர் 'சோங் ஒப் சிலோன்' என்ற திரைப்படத்தை எடுத்தார். அதன் மூன்றாம் பகுதி வியப்புக்குரியது. திரையிலே இந்நாட்டு மக்கள் உழைக்கின்றனர். ஒலியிலோ சந்தை விலைகளும் வணிகர் பேச்சும் இரைகின்றன. வியர்வை சிந்துவது ஓரிடம், விலை பேசுவது வேறிடம் என்பதனைக் கண்ணுஞ் செவியும் ஒருங்கே உணர்கின்றன. தேயிலைப் பணத்திலேயே இதனைச் செய்த துணிவை என்னென்பது! 1935இல் பிரசல்ஸ் நகரிலே இப்படம் பரிசும் பெற்றது.

படத்தின் வருணனையை வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த லயனல் வெண்ட். புகைப்படத்திலும் பியானோ இசையிலும் வல்லவர். அவரது ஊக்கத்தினால் 1943இலே ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, மஞ்சுசிறி முதலிய ஓவியர் ஒன்றுகூடினர். '43ஆம் ஆண்டுக் குழு' என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். ஆங்கிலேயர் வகுத்த ஓவிய முறையை அவர்கள் உதறினர். கண்டியிலே வளர்ந்த கீற்றின் கோடுகளிலே பிக்காசோவும் பாரதச் சிற்பமும் ஒருங்கே கலந்தன. மறு ஆண்டே வெண்ட் காலமானார், குழுவோ நின்றுவிடவில்லை.

ஆயினும் ஒன்று என் நெஞ்சை உறுத்துகின்றது. அப்படத்தின் வருணனை, 1681இலே வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்தது. வாசித்ததோ வெண்டின் குரல். கொழுந்தெடுத்தவளின் தமிழுக்கு அவ்வருணனையில் இடமில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ அவள் இனத்தாரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அவ்வுரிமை முற்றாக மீளப் பல்லாண்டுகள் சென்றன.

இக்காலத்திலே மலையகத் தோட்டங்களின் பிள்ளைகளே ஓவியராய் வந்துள்ளனர். அவர்களுள் ஹனுஷா சோமசுந்தரம் ஒருவர். தோட்ட வாழ்வைத் தீட்ட, அவர் தேயிலைச் சாயத்தையே வண்ணமாக எடுத்தாள்கிறார். நம் வீட்டுக் கோப்பையின் அடியிலே தங்கும் அதே கறை, அங்கே தாளிலே படர்ந்து கிடக்கின்றது.