சுமைதாங்கிக் கல்லும் ஜி.என்.டி. ரோடும்

என் ஆயாவுக்கு மைல்கல் படிக்கத் தெரியாது. எளாவூர்ச் சேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் ரோட்டை அவள் அளந்தது வேறு கல்லால். கருவாட்டுக் கூடையை எங்கெங்கே இறக்கலாம் என்பதுதான் அவளுடைய தூரக் கணக்கு.

அந்த ரோடு சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் வடக்குப் பெருவழி. வெள்ளைக்காரன் வைத்த பெயர் சுருங்கி இன்றைக்கும் ஜி.என்.டி. ரோடுதான். அரசாங்கக் கணக்கில் தேசிய நெடுஞ்சாலை 5 என்றிருந்தது, 2010-க்குப் பிறகு 16 ஆனது. லாரி வருவதற்கு முன்னால் அதில் போனது கட்டை வண்டிகள். உப்பு, விறகு, நெல் எல்லாம் மாடு இழுத்துப் போனது. வண்டி இல்லாத எங்கள் பெண்கள் சக்கரத் தடத்துக்கு ஓரமாகத் தலைச்சுமையோடு நடந்தார்கள். பழவேற்காடு ஏரியில் வலை போடும் 'பாடு' உரிமை பட்டினவர்களுக்கு. எங்களாட்களும் இருளர்களும் சேற்றில் கையால் தடவி இறால் பிடித்தவர்கள். அதில் மிஞ்சியதைக் காயவைத்துச் சுமந்து போனால்தான் அரிசி.

தலைச்சுமை தூக்கியவர்களுக்குத் தெரியும். நடப்பதைக் காட்டிலும் இறக்குவதுதான் கஷ்டம். இறக்க ஒரு ஆள் வேண்டும், திரும்பத் தூக்கிவிடவும் ஒரு ஆள் வேண்டும். ஆயா சொல்லுவாள்: "நம்ம கூடைய எவன்டா தொடுவான், நைனா? தண்ணிப் பந்தல்லகூட தூர நிக்கவச்சிதான் ஊத்துவாங்க. அந்தக் கல்லுதான் ஒண்ணும் கேக்காம எறக்கி வச்சிக்கும்."

சுமைதாங்கி என்பது அதுதான். இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் குறுக்கே. ஆள் கழுத்து உயரம் இருக்கும். குனியாமல், யார் கையும் படாமல், சும்மாட்டோடு கூடையைத் தள்ளி வைக்கலாம். பிறகு தலையைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன பெண்ணின் பாரம் இறங்கவேண்டும் என்று அவள் வீட்டார் நட்ட கல் இது. ஆகவே வழியோரத்துச் சுமைதாங்கிகளில் பல, பிரசவத்தில் பெண்கள் செத்ததற்கான சாட்சியும்கூட. வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை எடுத்தார்களா?

கல் எல்லாருக்கும் பொது. ரோடு அப்படி இல்லை. பொதுத் தெருவிலும் சாலையிலும் யாரும் நடக்கலாம், பொதுக் கிணறு குளத்தை யாரும் பயன்படுத்தலாம் என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவரவேண்டியிருந்தது. நடப்பதற்கே ஒரு தீர்மானம்! அது நிறைவேறிய பிறகும் ஊர்த்தெரு வந்தால் ஆயா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். தாசில்தார் முதல் தலையாரி வரை எவனும் வந்து அவளிடம் தீர்மானத்தைப் படித்துக் காட்டவில்லை.

தருமபுரிப் பக்கம் அதியமான் பெருவழியில் 13-ஆம் நூற்றாண்டு தூரக்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. நாவல் தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்தில் இருக்கிறது. கீழே இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. எழுத்தறியாதவன் விரலால் தடவி எண்ணிக்கொள்ள. எந்தச் சிற்றரசன் காலமானால் என்ன, படிக்காத வழிப்போக்கனை நினைத்துக் கல் வெட்டிய அந்தத் தச்சனை எனக்குப் பிடிக்கும்.

அமெரிக்காவில் எஸ்ரா மீக்கர் என்ற கிழவர் 1906-இல், எழுபத்தைந்து வயதில், ஒரிகன் பாதையில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு திரும்பப் பயணம் போய், வழியெங்கும் நினைவுக்கல் நட வைத்தார். குடியேற வண்டியில் போனவர்களுக்கான கல் அது. அந்த வண்டிகளால் நிலம் இழந்த செவ்விந்தியர்களுக்கு அதில் இடமில்லை. இங்கேயும் அதே கதைதான். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறையைத் தொல்லியல் துறை வேலி போட்டுக் காப்பாற்றுகிறது. காப்பாற்றட்டும். ஆனால் அதே டச்சுக்காரன் 17-ஆம் நூற்றாண்டுப் பஞ்சங்களில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிய சனங்களுக்கு எந்தக் கல் இருக்கிறது?

ஆயா கூடை இறக்கிய கல் ரோடு அகலமானபோது போய்விட்டது. நட்ட கல் இரண்டும் மண்ணுக்குள். குறுக்குக் கல்லை எங்கள் பையன்கள் இழுத்துவந்து சேரிக்குள் போகும் சாக்கடை மேல் போட்டிருக்கிறார்கள். போன மாதம் அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பெயர் எதுவும் இல்லை. நடுவில் மட்டும் கூடை வைத்து வைத்து வழவழவென்று தேய்ந்திருந்தது.

உங்கள் ஊரிலும் இப்படிக் கல் இருக்கும். யாருக்காக நட்டது, யார் தூக்கி நிறுத்தியது, எந்தத் தெருக்காரர்கள் சுமை இறக்கினார்கள் என்று கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். ரோடு போடுகிறவர்கள் வருவதற்கு முன்னால்.