முளாரபாவும் கம்பெனியும்

மண்டபத்தூர்க் கரைக்குத் தெற்கே காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் எனத் துறைகள் வரிசையாய் அமைந்துள்ளன. நம் முன்னோரான மரக்காயர்கள் இக்கரையிலிருந்து துணிப்பொதிகளுடன் அச்சே, கெடா, மலாக்கா சென்று பாக்கும் மிளகும் வெள்ளீயமும் கொணர்ந்தனர்.

கடல் வணிகத்திற்கு மார்க்கம் காட்டிய வழிகளுள் ஒன்று முளாரபா. ஒருவர் முதலிடுவார், மற்றவர் உழைப்பார். இலாபம் பேசிய விகிதப்படி பங்காகும். நட்டமானால் முன்னவர் பணத்தை இழப்பார். பின்னவர் உழைப்பை இழப்பார். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் முதலுடன் நபி (ஸல்) அவர்கள் ஷாம் சென்றதும் இவ்விதமே. வசதியற்ற இளைஞனும் கடனாளியாகாமல் கப்பலேற இது இடமளித்தது.

1739இல் காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக் கம்பெனியோ அரசு வழங்கிய ஏகபோகத்தால் வாழ்ந்தது. அதன் ஏகபோகம் 1769இலும், ஆங்கிலக் கம்பெனியின் இந்திய வணிக ஏகபோகம் 1813இலும் முடிந்தன. ஏகபோகம் அநீதியே. எனினும் ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. பங்காளி ஒருவர் மௌத்தானால் முளாரபா முறிந்துவிடும். பங்குதாரர் பலர் மாறினாலும் கம்பெனி நிலைத்திருக்கும். பெருமுதல் திரண்ட இடத்தில்தான் நீராவிக் கப்பல் எழுந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பாய்மரங்கள் மேலும் பின்தங்கின.

நீதி நம்மிடம் இருந்தது. நீடித்த அமைப்பு இல்லை. இன்று வளைகுடாச் சம்பாத்தியம் நம் வீடுகளில் நகையாய் உறங்குகிறது. தொழில் கற்ற பிள்ளையோ வட்டிக் கடைவாசலில் நிற்கிறான். நம் மஹல்லாக்கள் பலர் பங்கேற்கும் ஹலாலான கூட்டு முதலை உருவாக்கட்டும். முன்னோரின் நீதியும் இக்காலத்தின் அமைப்பும் அதில் இணையும், இன்ஷா அல்லாஹ்.