உள்ளே எத்தனை இணைப்புகள்? - மதர்போர்டும் யு.எஸ்.பி.யும்: ஒரு சிறு வரலாறு

கணிப்பொறியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் கொள்ளளவையும் கொண்டே காலங்களைப் பகுக்கின்றனர். அந்த வரலாற்றில் இணைப்பிகளுக்குத் தனி அத்தியாயம் கிடைப்பதில்லை. ஆனால் புதிதாக ஒரு கணிப்பொறியைத் தாமே கோத்துக்கொள்ள முனைகிற ஒருவர், எல்லாப் பாகங்களையும் வாங்கி மேசைமேல் பரப்பிய பிறகு திகைத்து நிற்கும் இடம் பலமுறை அதுவாகவே இருக்கிறது. கையில் நான்கு கம்பிகள், மதர்போர்டில் இரண்டே இடங்கள். தாய்ப்பலகை என்று நாம் தமிழில் சொல்லிப் பழகிய அந்தப் பலகையின் கீழ் ஓரத்தில், ஒன்பது ஊசிகளோடு நிற்கும் ‘ஹெடர்’ என்னும் உள்ளிணைப்பின் கதையே இக்கட்டுரை. ‘யுனிவர்சல்’ என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கி வந்த ஓர் ஏற்பாடு, பெட்டிக்குள் நுழையும்போது அச்சொல்லுக்கு எவ்வளவு உண்மையாக இருந்தது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி.

* * *

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் தனிநபர்க் கணிப்பொறியை வெளியிட்டபோது, அதன் மதர்போர்டில் நேரடியாக அமைந்த வெளியிணைப்புகள் இரண்டே: ஒன்று விசைப்பலகைக்கு, மற்றொன்று ஒலிநாடாப் பதிவுக் கருவிக்கு. திரை, அச்சுப்பொறி, மோடம் ஆகிய மற்றனைத்தும் உள்ளே இருந்த ஐந்து விரிவாக்கத் துளைகளில் செருகப்படும் அட்டைகளின் வழியாகவே வந்தன. ஒரு புதிய கருவியைச் சேர்ப்பதென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும், அட்டையைச் செருக வேண்டும், அதன் மேலுள்ள சிறு ஜம்ப்பர்களை மாற்றி, வேறொரு கருவியோடு மோதாத ஐ.ஆர்.க்யூ. எண்ணைத் தேடித் தர வேண்டும்.

பின்னாளில் சீரியல், பேரலல் போர்ட்கள் மதர்போர்டுக்கே வந்து சேர்ந்தன. ஆயினும் ஏ.டி. வகைப் பலகைகளில் அவை பின்புறத்தில் நேராக அமையவில்லை. பலகையின்மேல் ஊசிக் கூட்டமாக நின்றன. அங்கிருந்து தட்டையான நாடாக் கம்பிகள் கிளம்பி, கேபினட்டின் பின்பக்கத் தகடுகளில் பொருத்திய போர்ட்களை அடைந்தன. ஆக, உள்ளே ஊசி, வெளியே வாய், நடுவே கம்பி என்ற அமைப்பு யு.எஸ்.பி.க்கு மூத்தது. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு இந்த நாடாக் கம்பிகளை ஒழித்தது. போர்ட்கள் அனைத்தும் பலகையின் பின்விளிம்பில் ஒரே கொத்தாகச் சாலிடர் செய்யப்பட்டன. உள்ளிணைப்புகளின் காலம் முடிந்தது என்று அப்போது யாரேனும் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

* * *

1996 ஜனவரியில் யு.எஸ்.பி. 1.0 வெளியானது. காம்பேக், டெக், ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.ஈ.சி., நார்டெல் என்று ஏழு நிறுவனங்கள் அதன் பின்னே நின்றன. இன்டெல்லில் இப்பணியில் முதன்மைப் பங்காற்றிய அஜய் பட் பரோடாவில் படித்து அமெரிக்கா சென்றவர். அவர்கள் முன்வைத்த வாக்குறுதி எளிமையானது. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே வாய், பெட்டியைத் திறக்க வேண்டாம், ஐ.ஆர்.க்யூ. தேட வேண்டாம். ஒரே கட்டுப்படுத்தியின் கீழ் 127 கருவிகள் வரை இணைக்கலாம். முகவரிக்கு ஏழு பிட்டுகள் ஒதுக்கப்பட்டதால் கிடைத்த எண் அது: 128 முகவரிகளில் பூச்சியம், இன்னும் முகவரி பெறாத கருவிக்கென ஒதுக்கப்பட்டது.

வாக்குறுதி உடனே நிறைவேறிவிடவில்லை. அதே ஆண்டு வந்த இன்டெல்லின் பி.ஐ.ஐ.எக்ஸ்.3 சில்லு இரண்டு யு.எஸ்.பி. போர்ட்களைத் தந்தது. ஆனால் பழைய ஏ.டி. பலகைகள் பலவற்றில் அவை ஊசிகளாக மட்டுமே நின்றன. கம்பியும் தகடும் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும்; வாங்கினாலும் செருகுவதற்குக் கருவிகள் அரிது. 1998 ஏப்ரலில் காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் உடனிருக்க, ஒரு ஸ்கேனரைச் செருகியவுடன் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டி நின்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஆப்பிளின் ஐமேக், பழைய போர்ட்களையும் ஃபிளாப்பியையும் துறந்து, இரண்டு யு.எஸ்.பி. போர்ட்களை மட்டுமே நம்பி நின்றபோதுதான் கருவி செய்வோர் இப்பக்கம் திரும்பினர்.

* * *

உள்ளிணைப்புக்கு மறுவாழ்வு தந்தது பென் டிரைவ் என்றே சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஐ.பி.எம். பெயரில் 8 எம்.பி. கொள்ளளவோடு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த அச்சிறு பொருள், மனிதரின் பழக்கத்தையே மாற்றிற்று. அச்சுப்பொறியை ஒருமுறை செருகினால் ஆண்டுக்கணக்கில் தொடுவதில்லை. பென் டிரைவையோ நாளுக்குப் பத்துமுறை செருகி எடுக்கிறோம். மேசைக்கடியில் குனிந்து கேபினட்டின் பின்புறத்தைத் தடவிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை உண்டு? போர்ட் முன்முகத்துக்கு வந்தது. அதற்கு மின்சாரமும் தரவும் கொண்டுசெல்ல மதர்போர்டில் ஊசிகள் மீண்டும் முளைத்தன.

இந்த ஹெடரின் அமைப்பை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ஐந்து ஐந்தாக இரு வரிசை. அதில் ஓர் ஊசி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரு போர்ட்: ஐந்து வோல்ட் மின்சாரம், இரண்டு தரவுக் கம்பிகள், நிலக்கம்பி. எஞ்சிய ஒற்றை ஊசி எதனோடும் சேராது. ஆகவே ஒரு ஹெடர் என்பது இரண்டு போர்ட்கள். இல்லாத அந்தப் பத்தாவது ஊசியே காவலாளி. செருகியைத் தலைகீழாக நுழைய விடாது.

இந்த ஒழுங்கு தொடக்கத்திலேயே இருந்ததன்று. யு.எஸ்.பி. நியமம் வெளியே தெரியும் வாயை நுணுக்கமாக வரையறுத்ததே தவிர, பலகைக்குள் இருக்கும் ஊசிகளை நிறுவனங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. ஒரு நிறுவனம் இரு வரிசைகளையும் ஒரே திசையில் அமைத்தது. மற்றொன்று இரண்டாம் வரிசையைத் திருப்பிப் போட்டது. கேபினட் செய்தவர்கள் யாரை நம்புவது? எட்டுக் கம்பிகளையும் எட்டுத் தனி முனைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மேலும் சிற்றெழுத்தில் பெயர் பொறித்து, பொறுப்பை வாங்குபவரிடமே விட்டனர். ஐந்து வோல்ட் கம்பியும் நிலக்கம்பியும் இடம் மாறினால் செருகிய பென் டிரைவ் கருகிற்று. சிலவேளை பலகையும் சேர்ந்து கெட்டது. போதாக்குறைக்கு, ஃபயர்வயர் எனப்பட்ட 1394 இணைப்பின் ஹெடரும் அதே ஒன்பது ஊசி வடிவில் பக்கத்திலேயே நின்றது. அதில் ஓடியது உயர்ந்த மின்னழுத்தம். அக்காலக் கையேடுகளில், ஒன்றின் கம்பியை மற்றொன்றில் செருகாதீர் என்ற எச்சரிக்கை தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கணிப்பொறி கோத்துத் தரும் கடைகளில் சில, முன்முகக் கம்பிகளைத் தொடாமலே விட்டுவிட்டதற்கு இந்த அச்சமும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். முன்னே இரண்டு அழகிய வாய்கள் தெரியும். அவற்றுக்குப் பின்னே உயிரில்லை.

இன்டெல் வெளியிட்ட முன்பலக வழிகாட்டியை மற்றவர்களும் மெல்லப் பின்பற்றியதால் இந்தக் குழப்பம் தணிந்தது. எட்டுத் தனி முனைகள் ஒரே கட்டியாயின. நியமத்தின் பெருமையைப் பேசும்போது, அது பேசாது விட்ட இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

* * *

2000 ஏப்ரலில் யு.எஸ்.பி. 2.0 வந்து வேகம் 12 மெகாபிட்டிலிருந்து 480 மெகாபிட்டாயிற்று. அதன்பின் எண்ணிக்கையும் ஏறிற்று. இன்டெல்லின் ஐ.சி.எச். வரிசைச் சில்லுகளை எடுத்துக்கொண்டால், 1999இல் இரண்டு போர்ட்கள், 2000இல் நான்கு, 2002இல் ஆறு, 2003இல் எட்டு, 2006இல் பத்து, 2007இல் பன்னிரண்டு, 2009இல் அதன் வாரிசான சில்லுத்தொகுதியில் பதினான்கு. பின்புறத்தில் ஆறு போர்ட்கள் போக மீதமுள்ளவை ஊசிகளாகப் பலகையில் நின்றன. அப்பத்தாண்டின் இறுதியில் மூன்று ஹெடர்கள் கொண்ட பலகைகள் சாதாரணமாகக் கிடைத்தன. அது உள்ளிணைப்பின் செழிப்புக் காலம். செருக வேண்டியதோ கேபினட்டின் முன்முகமும், மிஞ்சினால் ஒரு கார்டு ரீடரும் மட்டுமே.

2008 நவம்பரில் வெளியான யு.எஸ்.பி. 3.0 இந்தக் கணக்கைக் கலைத்தது. ஐந்து கிகாபிட் வேகத்துக்குப் பழைய நான்கு கம்பிகள் போதா. ஒரு போர்ட்டுக்கு ஒன்பது தேவை. முதலில் அதற்கு உள்ளிணைப்பே இல்லை. ஆகவே 2010இல் வந்த கேபினட்கள் சிலவற்றில் முன்முகக் கம்பி பெட்டியின் உட்புறம் முழுவதையும் கடந்து, பின்சுவர் வழியே வெளியேறி, பின்புறப் போர்ட்டில் செருகப்பட்டது. பின்னர் 19 ஊசி ஹெடர் வந்தது: இரு போர்ட்டுக்குப் பதினெட்டு, அடையாளத்துக்கு ஒன்று. அதன் கம்பி தடித்தது, வளையாதது. செருகும்போது ஊசிகள் எளிதில் மடங்கும். 2011இல் ஏ.எம்.டி.யும் 2012இல் இன்டெல்லும் தம் சில்லுத்தொகுதியிலேயே இந்த வேகத்தைத் தந்தன. சில ஆண்டுகள் கழித்து, முன்முகத்து டைப்-சி போர்ட்டுக்கெனத் தனியொரு ஹெடரும் சேர்ந்தது. அது ஒரே போர்ட்டுக்கானது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வொரு யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுக்குள்ளும் பழைய 2.0 கம்பி இணை ஒன்று ஒளிந்திருக்கிறது. அது சில்லுத்தொகுதியின் அதே பதினான்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. பின்புறத்து வேகப் போர்ட்கள் பெருகப் பெருக, உள்ளே நிற்கும் எளிய ஒன்பது ஊசி ஹெடருக்கு மிஞ்சுவது குறைகிறது. வைஃபை அட்டையோடு வரும் புளூடூத் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. பலகையின் வண்ண விளக்குகளை ஆளும் சில்லு பெரும்பாலும் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அண்மைக்காலப் பலகைகள் சிலவற்றில் ஒலிச் சில்லும் யு.எஸ்.பி. வழியே இணைகிறது. இவை எதுவும் அட்டைப்பெட்டியின் விளம்பரத்தில் தெரிவதில்லை.

* * *

அதே காலத்தில், வெளியே வாழப் பிறந்த யு.எஸ்.பி. கருவிகள் உள்ளே குடியேறத் தொடங்கின. திரவக் குளிர்விப்பானின் பம்ப்பை ஆள ஒன்று. மின்விசிறிகளையும் விளக்குகளையும் ஆளும் பெட்டிக்கு ஒன்று. தன் மின்னோட்டத்தைத் தானே அறிவிக்கும் பவர் சப்ளைக்கு ஒன்று. தனியே வாங்கிய வைஃபை அட்டையின் புளூடூத்துக்கு ஒன்று. சர்வர்களிலோ, பெட்டிக்குள்ளேயே ஒரு முழு யு.எஸ்.பி. வாய் வைத்து, உரிமச் சாவியையோ இயங்குதளம் தாங்கிய பென் டிரைவையோ யாரும் பிடுங்கிச் செல்லாதபடி அதில் செருகிப் பூட்டும் வழக்கம் ஏற்பட்டது. அட்டைகளைச் செருகப் பெட்டியைத் திறக்கும் தொல்லையை ஒழிக்க வந்த யு.எஸ்.பி., பெட்டிக்குள்ளேயே ஓர் ஊராகிவிட்டது.

ஊர் பெருத்தது, வாசல்கள் குறைந்தன. இன்று பெரும்பாலான பலகைகளில் இரண்டு 2.0 ஹெடர்களே உள்ளன, மினி-ஐ.டி.எக்ஸ். போன்ற சிறு பலகைகளில் பலவேளை ஒன்றுதான். இரண்டு ஹெடர் என்றால் நான்கு போர்ட் என்று கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஒற்றைப் போர்ட் மட்டும் தேவைப்படும் குளிர்விப்பானின் செருகியும் பலவேளை ஒன்பது ஊசிகளையும் மூடும் அகலத்தில் வருகிறது. நான்கு ஊசிகள் வேலை செய்யும். மற்றவை வீணே மூடப்பட்டிருக்கும்.

ஆகவே பலகையைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்வதே உத்தமம். கேபினட்டின் முன்முகத்துக்கு எவ்வகை ஹெடர் வேண்டும், உள்ளே வரப்போகும் கருவிகள் எத்தனை, அவற்றின் செருகி ஒற்றை வரிசையா இரட்டையா என்பனவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு பலகையின் கையேட்டைத் தரவிறக்கி அதன் வரைபடப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். ‘14 யு.எஸ்.பி. போர்ட்கள்’ என்ற விளம்பரம் பின்புறத்தையும் உள்ளிணைப்பையும் சேர்த்துச் சொல்வது. நமக்கு வேண்டியது ஹெடர்களின் எண்ணிக்கை. அவை நிற்கும் இடமும் முக்கியம். தடித்த கிராஃபிக்ஸ் அட்டை ஒன்று கீழ் ஓரத்து ஊசிகளை மறைத்துவிடலாம்.

குறை நேர்ந்தால் வழியில்லாமல் இல்லை. பயன்படாத 19 ஊசி ஹெடரை ஒன்பது ஊசியாக மாற்றும் இணைப்பி கிடைக்கிறது. பழைய கம்பி இணைகள் அதனுள் இருப்பதால் அது முறையானதே. ஒரு ஹெடரின் இரு வரிசைகளை இரு செருகிகளாகப் பிரித்தாலும் தவறில்லை. ஆனால் ஒரே வரிசையை இரண்டு கருவிகளுக்கு வெறும் கம்பியால் பகிர்வது ஒருபோதும் ஒழுங்காக இயங்காது. பகிர வேண்டுமானால் ஹப் சில்லு கொண்ட உட்பெட்டி வேண்டும். பவர் சப்ளையிலிருந்து தனியே மின்சாரம் பெறுவதாக அது இருத்தல் நலம். ஒரு 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். அதை நான்கு கருவிகள் பங்கிட்டால் எல்லாமே பட்டினி கிடக்கும்.

127 என்ற எண் பொய்யன்று. ஹப்களை அடுக்கிக்கொண்டு போனால் அது இன்றும் ஏட்டளவில் எட்டக்கூடியதே. ஆனால் முகவரிகளுக்குச் செலவில்லை. ஊசிக்கும் கம்பிக்கும் பலகையில் இடத்துக்கும் செலவுண்டு. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில் பலகை செய்வோரும் கேபினட் செய்வோரும் கருவி செய்வோரும் ஒருவரையொருவர் பார்த்து நிற்க, எஞ்சியதை வாங்குபவர் ஏற்கிறார். எட்டுத் தனி முனைகளை நம் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட காலத்திலிருந்து இந்த ஒன்றுமட்டும் மாறவில்லை. எனவே எண்ணும் வேலை இன்னும் நம்முடையதாகவே இருக்கிறது. அதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே செய்துவிடுவோம்.