அந்த ஸ்பிரிங் யாருக்காக?

மோட்டார் சைக்கிளைப் பற்றி எங்கட பெடியள் கதைக்கத் தொடங்கினால் கதை எஞ்சினில் தொடங்கி எஞ்சினிலேயே முடியும். எத்தனை சிசி, எவ்வளவு இழுக்கும், சைலன்சரை மாத்தினா சத்தம் எப்படி வரும். சீற்றுக்குக் கீழே ரெண்டு பக்கமும் நிற்கிற ஸ்பிரிங்கைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்லை. முதுகு நோகத் தொடங்கினாப் பிறகுதான் அப்படி ஒண்டு இருக்கெண்ட ஞாபகமே வரும்.

அந்த ஸ்பிரிங்குக்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கு. அதை வாசித்துக்கொண்டு போனால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது: இந்த மெஷின் யாருடைய உடம்பை நினைத்துச் செய்யப்பட்டது?

ஆளைக் காப்பாற்றவா, சில்லைக் காப்பாற்றவா?

முதல் மோட்டார் சைக்கிள்கள், எஞ்சின் பூட்டின சைக்கிள்கள்தான். பின்சில்லு நேரடியாகச் சட்டத்தோடு பூட்டப்பட்டிருந்தது. பள்ளத்தில் விழுந்தால் அடி அப்படியே முள்ளந்தண்டுக்கு வரும். 1912இல் ஹார்லி டேவிட்சன் இதற்கு ஒரு வழி செய்தது. சீற்றைத் தாங்குகிற குழாய்க்குள்ளே ஸ்பிரிங்கை வைத்தது. வண்டி குலுங்கட்டும், ஓடுகிறவர் தப்பினால் போதும் என்ற யோசனை அது. அடுத்த வருசமே இன்னொரு அமெரிக்கக் கம்பனியான இந்தியன், பின்சில்லுக்கே பட்டை ஸ்பிரிங் போட்டது.

இந்த ரெண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்கு. சீற்றில் இருக்கிற ஸ்பிரிங் உங்கட எலும்பைக் காப்பாற்றும். சில்லில் இருக்கிற ஸ்பிரிங் ரயரை ரோட்டோடு ஒட்ட வைக்கும். ரயர் அந்தரத்தில் நிற்கிற அந்தக் கண நேரத்தில் பிரேக்கும் பிடிக்காது, வண்டியும் திரும்பாது. ஆக, சஸ்பென்ஷன் என்பது சொகுசுக்கு முதல் உயிரோடு சம்பந்தப்பட்ட விசயம்.

ஆனால் அந்தக் காலத்து ஓட்டக்காரர் பலர் இதை நம்பவில்லை. பின்னால் ஸ்பிரிங் போட்டால் வண்டி வளைவில் ஆடும் என்றார்கள். மூட்டுகளில் கொஞ்சம் தளர்வு இருந்தாலும் உண்மையிலேயே ஆடத்தான் செய்தது. அதனால் அந்தப் பயம் பல வருசம் நீடித்தது. இத்தாலியின் மோட்டோ குஸி 1928இல் பின்ஸ்பிரிங் உள்ள வண்டி ஒன்றைச் செய்தபோது, அதன் உறுதியை நிரூபிக்க ஸ்தாபகரின் சகோதரர் ஜுசெப்பே குஸி அதிலேயே நோர்வேயின் வட முனை வரைக்கும் ஓடிக் காட்டவேண்டி வந்தது.

பயத்தை உடைத்தது 1935ஆம் ஆண்டு ஐல் ஒஃப் மான் தீவில் நடந்த சீனியர் ரிரி பந்தயம். ஏழு சுற்று, ஏறத்தாழ 425 கிலோமீற்றர். நோர்ட்டனில் ஓடிய ஜிம்மி கத்ரி முதலே வந்து முடித்துவிட்டார். அவர்தான் வென்றார் என்று ஆக்கள் கைகுலுக்கவும் தொடங்கிவிட்டார்கள். அவருக்குப் பிந்திப் புறப்பட்ட ஸ்டான்லி வூட்ஸ், பின்ஸ்பிரிங் உள்ள மோட்டோ குஸியில் வந்து முடித்தபோது கணக்குப் பார்த்தால், நாலே நாலு செக்கனால் வூட்ஸ்தான் வெற்றி. அடுத்த வருசம் நோர்ட்டனும் தன்ர பந்தய வண்டியின் பின்சில்லுக்கு ஸ்பிரிங் போட்டது.

ஒயில் வந்தது, குமிழ் போனது

ஸ்பிரிங் மட்டும் இருந்தால் போதாது. அமுங்கின ஸ்பிரிங் திரும்ப எழும்பும், பிறகும் அமுங்கும், துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்க ஒன்று வேணும். 1920களில், 30களில் பல வண்டிகளின் முன் ஃபோர்க்கில் அதற்கு உராய்வுத் தட்டுகள் இருந்தன. அவற்றை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு குமிழ். கல்லு ரோட்டு வந்தால் கொஞ்சம் தளர்த்தலாம், வேகமாக ஓடப்போனால் இறுக்கலாம். கைக்கு எட்டுகிற இடத்திலேயே வேலை முடிந்துவிடும்.

1935இல் பி.எம்.டபிள்யூ தன்ர ஆர் 12, ஆர் 17 வண்டிகளில் ஒயில் நிரப்பிய டெலஸ்கோப் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. இன்றைக்கு நாங்கள் ஓடுகிற பெரும்பாலான வண்டிகளின் முன் ஃபோர்க் அதன் வழிவந்ததுதான். தட்டை விட ஒயில் எவ்வளவோ மேல். ஆனால் ஒயில் குழாய்க்குள்ளே அடைபட்டதோடு அந்தக் குமிழும் மெல்ல மெல்லக் காணாமல் போனது. எவ்வளவு மென்மை, எவ்வளவு கடினம் என்று ஓட்டுகிறவர் தீர்மானித்த காலம் போய், தொழிற்சாலை தீர்மானிக்கிற காலம் வந்தது.

அதிலும் சிலர் வேற மாதிரி யோசித்தார்கள். பர்மிங்ஹாமில் இருந்த வெலோசெட் என்ற சின்னக் குடும்பக் கம்பனி, 1950களில் பின் ஷொக்கின் மேல்முனையைப் பூட்டுகிற இடத்தில் வில் மாதிரி வளைந்த ஒரு நீள வெட்டு விட்டிருந்தது. நட்டைத் தளர்த்தி ஷொக்கை நிமிர்த்தினால் கடினம், சரித்தால் மென்மை. பின்னால் ஆள் ஏறினால் நிமிர்த்து, தனியப் போனால் சரி. அவ்வளவுதான். வேறு கம்பனிகள் ஷொக்கின் அடியில் படி வைத்த வளையத்தைப் போட்டன. மூன்று படி, பிறகு ஐந்து படி. அந்த வளையம் இன்றைக்கும் எங்கட வண்டிகளில் இருக்கு.

பெல்ஜியத்து வாத்தியாரின் ஒற்றை ஷொக்

அடுத்த பெரிய பாய்ச்சல் சேற்றில் நடந்தது. 1970களின் தொடக்கத்தில் மோட்டோகுரொஸ் வண்டிகளின் பின்சில்லு ஏறி இறங்கிய தூரம் ஏறத்தாழ 100 மில்லிமீற்றர்தான். பெல்ஜியத்தில் பொறியியல் கற்பித்துக்கொண்டிருந்த லூசியன் டில்கன்ஸ், ரெண்டு ஷொக்குக்குப் பதிலாக நீளமான ஒரே ஷொக்கை சீற்றுக்கும் டாங்கிக்கும் கீழே படுக்க வைத்தார். முதலில் சுசுகியிடம் காட்டினார், அவர்கள் எடுக்கவில்லை. யமஹா எடுத்தது. 1973இல் சுவீடன் வீரர் ஹொகன் அண்டர்சன் அந்த வண்டியில் 250 சிசி உலகப் பட்டத்தை வென்றார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பின்சில்லு அசைகிற தூரம் 300 மில்லிமீற்றர் வரை வந்துவிட்டது.

இவ்வளவு தூரம் அசைகிற வண்டியில் ஓட்டுகிறவரின் எடை கொஞ்சம் மாறினாலும் எல்லாம் மாறும். ஆகவே பந்தய ஆக்கள் ஒரு எளிய கேள்வியில் இருந்து தொடங்கினார்கள்: இந்த ஆள் ஏறி இருந்தால் வண்டி எவ்வளவு பதியும்? 1976இல் சுவீடனில் கென்த் ஓலின் ஆரம்பித்த ஓலின்ஸ் போன்ற கம்பனிகள் ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் ஏற்றபடி மாற்றக்கூடிய ஷொக்குகளைச் செய்தன. 1930களில் போன குமிழ் இன்னொரு வடிவத்தில் திரும்பி வந்தது. ஆனால் இந்த முறை அது விலை கூடின வண்டிகளுக்குத்தான் வந்தது.

சராசரி ஆள் எங்கே?

கார் ஒன்றின் எடையோடு பார்த்தால் சாரதியின் எடை சின்னப் பங்கு. 115 கிலோ மோட்டார் சைக்கிளில் 70 கிலோ ஆக்கள் ரெண்டு பேர் ஏறினால் வண்டியை விட ஆக்களின் எடை கூட. 48 கிலோ பிள்ளை தனிய ஓடினாலும், 90 கிலோ அண்ணா மனுசியையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு ஓடினாலும் ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். தொழிற்சாலை ஏதோ ஒரு உடம்பை மனதில் வைத்துத்தான் அதைச் செய்யும். எங்கட ரோட்டில் இன்னும் ஓடுகிற எம்.டி. 90, ஜப்பானில் கடிதச் சுமையோடு போற தபால்காரருக்காக ஹொண்டா செய்த வண்டி. அதில் இன்றைக்கு ஏறி இருக்கிறது ஆர் என்று ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? பந்தய ஆக்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்கலாம். வண்டியை டபிள் ஸ்ராண்டில் விட்டுப் பின்சில்லை அந்தரத்தில் வையுங்கோ. அச்சாணியில் இருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு புள்ளி வரைக்கும் அளவுங்கோ. பிறகு வண்டியை இறக்கி, வழமையாக ஓடுகிற மாதிரி ஏறி இருங்கோ; கூட்டாளி ஒருத்தர் திரும்ப அளக்கட்டும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம், சில்லு அசையக்கூடிய மொத்தத் தூரத்தில் காற்பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இருந்தால் நல்லது. கூடப் பதிந்தால் வளையத்தை ஒரு படி ஏற்றுங்கோ, குறைவாகப் பதிந்தால் இறக்குங்கோ. ரெண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கவேணும்.

வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று கன பேர் நினைக்கிறார்கள். ஸ்பிரிங் மாறுவதில்லை, வண்டி நிற்கிற உயரம்தான் மாறும். கடைசிப் படிக்கு ஏற்றியும் கூடப் பதிந்தால் உங்கட எடைக்கு அந்த ஸ்பிரிங் காணாது என்று அர்த்தம். அப்பதான் புது ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்கவேணும். அதற்கு முதல் ரயர்க் காற்று சரியா, ஃபோர்க்கில் ஒயில் கசியுதா, கடைசியாக எப்ப அந்த ஒயிலை மாத்தினது என்று பாருங்கோ. பழைய ஒயிலோடு ஓடுகிற ஃபோர்க்குக்குப் புது ஒயில் மட்டுமே பெரிய மாற்றத்தைத் தரும். விலை கூடின ஷொக் எல்லாம் கடைசியில்தான்.

வெலோசெட் ஓடின ஆக்கள் பின்னால் ஆள் ஏற முதல் நட்டைத் தளர்த்தி ஷொக்கை நிமிர்த்தினார்கள். எங்கட வண்டியில் அதே வேலைக்கு வளையமும், பல வண்டிகளின் டூல் கிட்டில் அதைத் திருப்புகிற கொக்கி ஸ்பானரும் சும்மா கிடக்கு. அடுத்த முறை அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தூரம் போக முதல், அந்த வளையம் எத்தனையாவது படியில் நிற்குது என்று குனிஞ்சு ஒருக்காப் பாருங்கோ.